மாங்கொட்டை விழுங்கிய நாய்: ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டுமா?

கரிசல்காட்டான்:

வணக்கம். கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் வீட்டில் சிப்பிப்பாறை கலந்த ஆண் நாய் ஒன்று இருக்கிறது. பெயர் செவலை, வயது இரண்டு, எடை பதினெட்டு கிலோ. போன வாரம் தோட்டத்து மாம்பழம் தின்றுவிட்டு கொட்டைகளை முற்றத்தில் ஒரு தொட்டியில் போட்டிருந்தோம். நாட்டு மரம், பழம் சின்னது, நார் அதிகம். செவலை ஒரு கொட்டையைக் கவ்விக்கொண்டு போய்ச் சப்பியதைப் பார்த்தவர்கள் உண்டு, துப்பியதைப் பார்த்தவர்கள் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வாந்தி ஆரம்பித்தது. முதலில் தின்ற சோறு, அப்புறம் மஞ்சள் தண்ணீர். டவுனில் டாக்டர் வாந்தி நிற்க ஊசி போட்டார். சாயங்காலம்வரை நன்றாக இருந்தது. வாலைக்கூட ஆட்டியது. சரியாகிவிட்டது என்று நினைத்தோம். ராத்திரி மறுபடியும் வாந்தி, குடித்த தண்ணீரும் தங்கவில்லை. நேற்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, குடல் அடைப்பு, வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

எனக்குப் படத்தில் கொட்டையே தெரியவில்லை. கறுப்பு கறுப்பாகக் குழாய் மாதிரிதான் தெரிகிறது. "கொட்டை இல்லாத படத்தை வைத்துக்கொண்டு எப்படிடா வயிற்றைக் கிழிக்கச் சொல்கிறான்?" என்று அப்பா கேட்கிறார். விளக்கெண்ணெய் ஊற்றி வாழைப்பழம் கொடுத்தால் தானாக வந்துவிடும் என்பது அவர் கட்சி. நாய் இன்று காலையிலிருந்து படுத்தே கிடக்கிறது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்புகிறது. வயிற்றைத் தொட்டால் முனகுகிறது.

காத்திருந்து பார்க்கலாமா? சிப்பிப்பாறைக்கு மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஊரில் சொல்கிறார்களே, அது உண்மையா? குடலை வெட்டித் தைத்தால் பிழைக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தோப்புக்காரன்:

பயப்படாதீர்கள் தம்பி. எங்கள் ராஜபாளையம் இரண்டு தடவை மாங்கொட்டை விழுங்கி இரண்டு தடவையும் வெளியே போய்விட்டது. தயிர்சாதம் கொடுத்துக்கொண்டே இருந்தோம், வந்துவிட்டது. டாக்டர்கள் எடுத்த எடுப்பில் ஆபரேஷன் என்றுதான் சொல்வார்கள்.

மாட்டு டாக்டர்:

கரிசல்காட்டான், முதலில் விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வாருங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் அரசு கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊரில் எனக்கு மாட்டு டாக்டர் என்றுதான் பெயர், அதையே இங்கேயும் வைத்துக்கொண்டேன். ஆனால் மாம்பழ சீசனில் மாட்டைவிட நாய் வயிற்றைத்தான் அதிகம் திறந்திருக்கிறேன். நாயை நேரில் பார்க்காமல் மருந்தெல்லாம் சொல்ல மாட்டேன். உங்கள் டாக்டர் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. ஏன் என்று மட்டும் சொல்கிறேன்.

விளக்கெண்ணெய் குடலை முடுக்கிவிடும். வழி திறந்திருந்தால் உள்ளே இருப்பது வெளியே போகும். வழி அடைத்திருந்தால் அந்த வேகம் முழுவதும் கொட்டை உட்கார்ந்திருக்கும் இடத்துச் சுவரில்தான் விழும். அந்தச் சுவர் ஏற்கெனவே நைந்துபோயிருக்கும். கூடவே, வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் நாயின் வாயில் எண்ணெயை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், அதற்கும் காது கொடுக்க வேண்டாம். ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும். அதுவுமில்லாமல் கொட்டை இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குள் இறங்கியபின் எத்தனை வாந்தி எடுத்தாலும் மேலே வராது.

வாந்தி நிற்கும் ஊசியைப் பற்றி. ஒண்டான்செட்ரான், மரோபிடன்ட் இவையெல்லாம் நல்ல மருந்துகள்தான், நானும் போடுகிறேன். அவை வாந்தியை நிறுத்தும், கொட்டையை நகர்த்தாது. வாந்தி நின்றதும் வீட்டில் எல்லோருக்கும் தைரியம் வந்துவிடும், அந்த அரை நாள் போய்விடும். குடல் அடைப்பில் அரை நாள் சின்ன விஷயமில்லை.

இப்போது உங்கள் அப்பாவின் கேள்வி. நியாயமான கேள்வி. படித்தவர்களே இப்படிக் கேட்பதில்லை. எலும்பு, கல், காசு, ஊசி இவையெல்லாம் எக்ஸ்ரேயில் வெள்ளையாகப் பளிச்சென்று விழும். மாங்கொட்டை வெறும் கட்டை. சுற்றியிருக்கும் குடலும் அதற்குள் தேங்கிய நீரும் எந்தச் சாம்பல் நிறத்தில் விழுகிறதோ, கிட்டத்தட்ட அதே நிறத்தில்தான் கொட்டையும் விழும். அதனால் நாங்கள் கொட்டையைத் தேடுவதில்லை, அது செய்து வைத்திருக்கும் வேலையைத் தேடுகிறோம். நீங்கள் பார்த்த கறுப்புக் குழாய்தான் அந்த வேலை. அடைப்புக்கு மேல்பக்கம் காற்றும் நீரும் தேங்கிக் குடல் உப்பும். அடைப்புக்குக் கீழே குடல் சூம்பிக் கிடக்கும். ஒரே வயிற்றில் சில மடிப்புகள் உப்பியும் சில மடிப்புகள் சுருங்கியும் இருந்தால் சந்தேகம் பலப்படும்.

இதற்கு அளவும் உண்டு. நாயின் இடுப்புப் பகுதியில் ஏழு முள்ளெலும்புகள். அதில் ஐந்தாவதின் உயரத்தைப் பக்கவாட்டுப் படத்தில், அது மிகக் குறுகிய இடத்தில், அளக்க வேண்டும். உப்பிய சிறுகுடலின் அகலம் அதைப்போல 1.6 மடங்குக்கு மேல் போனால் அடைப்பு என்று பலமாகச் சந்தேகிக்கலாம். உங்கள் டாக்டரிடம் படத்தைக் கேட்டு வாங்கி அப்பாவுக்கு ஸ்கேல் வைத்துக் காட்டுங்கள். அப்படியும் நம்பவில்லை என்றால் வயிற்று ஸ்கேன். அதில் கொட்டையின் மேற்பரப்பு வெள்ளைக் கோடாக வளைந்து தெரியும், அதற்குப் பின்னால் கறுப்பாக நிழல் விழும். ஆனால் ஸ்கேன் எடுப்பதற்காக ஊர் ஊராக அலைந்து நாளைக் கடத்த வேண்டாம்.

தோப்புக்காரன் அண்ணே, நீங்கள் சொல்வது பொய் என்று சொல்லவில்லை. கொட்டை சின்னதாக, நாய் பெரியதாக இருந்தால் வெளியே போவதுண்டு. வாந்தி இல்லை, நன்றாகத் தின்கிறது, மலம் போகிறது என்றால் நானும் காத்திருக்கச் சொல்வேன், அதுவும் தினம் ஒரு படம் எடுத்துக் குடல் உப்புகிறதா என்று பார்த்துக்கொண்டு. இந்த நாய் தண்ணீரைக்கூட வாந்தி எடுக்கிறது, தொட்டால் முனகுகிறது. உங்கள் ராஜபாளையம் தயிர்சாதம் தின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வித்தியாசம் அங்கேதான்.

காத்திருந்தால் உள்ளே என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொட்டை அழுத்தும்போது முதலில் மாட்டிக்கொள்வது ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் மெல்லிய சிரைகள். ரத்தம் வந்துகொண்டிருக்கும், திரும்பிப் போகாது. சுவர் வீங்கும். வீங்க வீங்கத் தமனியும் அமுங்கும். உள்பக்கத் தோல் முதலில் சாகும். அப்புறம் கிருமிகள் சுவரைத் தாண்டி வெளியே வரும். கடைசியில் ஓட்டை. குடலில் இருந்தது வயிற்றறைக்குள் கொட்டிவிட்டால் அதற்குப் பிறகு நாம் பேசுவது வேறு நோயைப் பற்றி. நார் நிறைந்த கொட்டையாக இருந்தால் அந்த நாரே குடலின் உள்தோலைப் பிடித்துக்கொள்ளும், வழுக்கிப் போகாது.

வயிற்றைத் திறந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது நிறம். ஆரோக்கியமான குடல் இளஞ்சிவப்பாக, ஈரமாக மின்னும். அடைத்த இடம் கருஞ்சிவப்பாக இருக்கலாம். அதைப் பார்த்துப் பயந்து உடனே வெட்டிவிடக் கூடாது. கொட்டையை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான சலைன் நனைத்த துணியால் கொஞ்ச நேரம் மூடி வைத்தால் பல குடல்கள் நிறம் திரும்பும். விரலால் லேசாகக் கிள்ளினால் அந்த இடம் சுருங்கி அலையாக நகர வேண்டும். குடலைத் தாங்கும் சவ்வில் ஓடும் சின்னத் தமனி துடிக்க வேண்டும். இவை இருந்தால் குடல் பிழைத்திருக்கிறது. வெறும் கீறலில் கொட்டையை எடுத்துத் தைத்துவிடலாம். சாம்பலாக, பச்சையாக, கறுப்பாக, காகிதம்போல மெலிந்து கிடந்தால் அந்தத் துண்டையே வெட்டி எடுத்து இரண்டு முனைகளையும் இணைக்க வேண்டும். ஒரு நாள் தாமதம் முதல் வேலையை இரண்டாவது வேலையாக மாற்றிவிடும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

சிப்பிப்பாறைக்கு மயக்கம் ஒத்துக்கொள்ளாது என்பதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஓட்டநாய் வகைகளுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு. தயோபென்டோன் என்ற பழைய மருந்தைப் போட்டால் மயக்கம் தெளிய நீண்ட நேரம் பிடிக்கும். ஊரில் அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி அது இப்படி நிலைத்துவிட்டது. இப்போது புரோபோபால் ஊசியில் தூங்கவைத்து ஐசோஃபுளூரேன் வாயுவில் வைத்திருக்கிறார்கள். அதில் அந்தச் சிக்கல் இல்லை. என் கவலை மயக்கத்தைவிட நீர் வற்றியிருப்பதுதான். வாந்தியில் நீரும் பொட்டாசியமும் குளோரைடும் போயிருக்கும். ஆபரேஷனுக்கு முன் டிரிப்ஸ் ஏற்றி உடம்பைத் தூக்கி நிறுத்த வேண்டும். "வந்ததும் உடனே ஏன் மேசையில் போடவில்லை?" என்று சண்டை போடாதீர்கள். அந்த ஒன்றிரண்டு மணி நேரம் வீணாகிற நேரமில்லை.

உங்கள் டாக்டருக்குக் கேஸ் மயக்கம் வசதி இருந்தால் அங்கேயே செய்யுங்கள். இல்லை என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இன்று ஞாயிறு, போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். எதுவானாலும் இன்றே.

பூனைவீட்டம்மா:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும் டாக்டர் ஐயா. எங்கள் வீட்டுப் பூனை மல்லிகைச் சரத்தின் நூலை விழுங்கிவிட்டது. பூ வாடியதும் குப்பையில் போட்டதை எடுத்திருக்கிறது. வாயோரம் நூல் முனை தெரிகிறது. இழுத்து எடுத்துவிடலாமா? நூல்தானே, மாங்கொட்டை அளவுக்குப் பயப்பட வேண்டுமா?

மாட்டு டாக்டர்:

அம்மா, இழுக்காதீர்கள். வாயில் தெரிந்தாலும் சரி, பின்னால் தொங்கினாலும் சரி, தொட வேண்டாம்.

மாங்கொட்டையைவிட நூலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாசலிலோ மாட்டிக்கொள்ளும். மறுமுனையைக் குடல் கீழே கீழே என்று இழுக்கும். நூல் நகராது, அதனால் குடல் நூலின் மேல் ஏறி, சேலைக் கொசுவம் வைத்ததுபோல மடிப்பு மடிப்பாகச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு மடிப்பிலும் குடலைத் தாங்கும் சவ்வின் பக்கத்தில் நூல் அறுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் வெளியிலிருந்து இழுத்தால் அந்த அறுப்பை நீங்களே செய்து முடிக்கிறீர்கள்.

டாக்டரிடம் கொண்டுபோனால் முதலில் நாக்கைத் தூக்கி அடியில் பார்ப்பார். அங்கே சுற்றியிருந்தால் அங்கேயே வெட்டிவிட்டு, நிலைமையைப் பொறுத்துக் கவனித்துப் பார்ப்பதா, திறப்பதா என்று முடிவு செய்வார். பூனை வாந்தி எடுக்கிறது, சாப்பிடவில்லை என்றால் பெரும்பாலும் திறக்க வேண்டியிருக்கும். இரண்டு மூன்று இடங்களில் கீறி நூலைத் துண்டு துண்டாக எடுப்போம். ஒரே கீறலில் உருவி எடுக்க ஆசைப்பட்டால் குடல் கிழியும்.

இன்னொன்று, பூனைக்கு வலி என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரை போதும், உயிர் போய்விடும். நாய் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இரண்டும் நாய்க்கு இரைப்பையிலும் குடலிலும் புண் ஆக்கி ஓட்டை போடும். மனுஷ மாத்திரை மனுஷனுக்கு.

கரிசல்காட்டான்:

டாக்டர் ஐயா, உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஸ்கேல் விஷயம் அவருக்குப் பிடித்துவிட்டது. படத்தை வெளிச்சத்தில் பிடித்து அவரே அளந்து பார்த்தார். இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் வந்தது. அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை, வண்டியை எடுக்கப் போய்விட்டார்.

எங்கள் டாக்டரே செய்தார். மயக்கம் பார்த்துக்கொள்ள இன்னொரு டாக்டரை வரவழைத்தார். மத்தியானம்வரை டிரிப்ஸ், சாயங்காலம் ஆபரேஷன். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம் என்றார். நான் நின்றேன், அப்பா வெளியே போய்விட்டார்.

கொட்டை சிறுகுடலின் நடுப்பகுதியில் இருந்தது. வெளியிலிருந்தே கொட்டையின் வடிவம் அப்படியே தெரிந்தது. நீங்கள் எழுதியதுபோலவே மேல்பக்கம் என் கட்டைவிரல் மொத்தத்துக்கு மேல் உப்பிக் கிடந்தது, கீழ்ப்பக்கம் சுண்டுவிரல் அளவுதான். கொட்டை இருந்த இடத்தில் ஒரு பக்கம் கறுப்புத் திட்டு. சலைன் துணி போட்டுக் காத்திருந்தார்கள். சுற்றியிருந்த சிவப்பு மாறியது, அந்தத் திட்டு மாறவில்லை. வெட்டித்தான் எடுக்கணும் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சைகை காட்டினார், நான் தலையாட்டினேன். ஒரு சாண் குடலை எடுத்திருக்கிறார்கள். கொட்டையையும் காட்டினார்கள், நார் முழுக்க அப்படியே இருந்தது.

ஒன்று புரியவில்லை. ஒரு முனை பெரிது, ஒரு முனை சின்னது, எப்படி இரண்டையும் சேர்த்துத் தைத்தார்கள்? தைத்தபின் ஊசியால் குடலுக்குள்ளேயே தண்ணீர் ஏற்றினார்களே, அது எதற்கு? செவலை இப்போது கண் விழித்துவிட்டது. அடுத்து நாங்கள் என்ன பார்க்க வேண்டும்?

மாட்டு டாக்டர்:

நல்ல காரியம். உங்கள் டாக்டர் அவசரப்படாமல் துணி போட்டுக் காத்திருந்தார் பாருங்கள், அந்த ஒன்றிலேயே அவர் கையைப் பற்றித் தெரிந்துவிட்டது.

முனை விஷயம் எளிது. சின்ன முனையை நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டினால் வாய் அகலமாகும். அப்படியும் போதாவிட்டால் சவ்வுக்கு எதிர்ப்பக்கமாக நீளவாக்கில் சின்னதாக ஒரு கீறல் போட்டு அகலப்படுத்துவார்கள். முதல் தையல் சவ்வு சேரும் பக்கத்தில் விழ வேண்டும். அங்கே கொழுப்பு மூடியிருக்கும், ஓரம் கண்ணுக்குத் தெரியாது. ஒழுகினால் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஒழுகும். ஊசி ஒவ்வொரு முறையும் சப்மியூகோசா என்ற நடு அடுக்கைப் பிடிக்க வேண்டும். குடலின் நான்கு அடுக்குகளில் நூலைத் தாங்கும் பலம் அதற்குத்தான். அதை விட்டுவிட்டு மேல்தோலை மட்டும் பிடித்தால் பார்க்க அழகாக இருக்கும், நிற்காது. நூல் பி.டி.எஸ் போன்ற நாள்பட நிற்கும் இழையாக இருக்கும். அந்தக் காலத்துக் கேட்கட் நூலைக் குடலில் போட்டால் சீக்கிரமே கரைந்து பலம் போய்விடும்.

தண்ணீர் ஏற்றியது ஒழுகல் சோதனை. தையலுக்கு இரண்டு பக்கமும் விரலால் அடைத்துக்கொண்டு, நடுவில் சுமார் 10 செ.மீ. நீளத்துக் குடலுக்குள் சலைனைச் செலுத்துவோம். அந்த நீளத்துக்கு 16 முதல் 19 மி.லி. வரை கணக்கு. அதற்கு மேல் திணித்தால் நல்ல தையலும் ஒழுகும், அது சோதனை ஆகாது. துளி கசிந்தால் அந்த இடத்தில் இன்னொரு தையல். கடைசியில் வயிற்றுக்குள் ஏப்ரன் மாதிரி தொங்கும் கொழுப்புச் சவ்வை, அதை ஓமெண்டம் என்பார்கள், தையலின் மேல் சுற்றி விடுவார்கள். ரத்த ஓட்டத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கும் சின்னக் கசிவை மூடுவதற்கும் அதற்கு நிகர் எதுவும் இல்லை. அப்புறம் கையுறை மாற்றி, வேறு கருவிகளை எடுத்துத்தான் வயிற்றை மூட வேண்டும்.

இனி உங்கள் வேலை. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை கண்ணை அகற்றாதீர்கள். தைத்த குடல் முதல் சில நாள் நூலின் பலத்தில்தான் நிற்கிறது, சொந்தப் பலம் அப்புறம்தான் வரும். தையல் விடுவதாக இருந்தால் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் விடும். நன்றாக நடமாடிக்கொண்டிருந்த நாய் திடீரென்று மறுபடி மூலையில் படுத்தால், சாப்பாட்டை மோந்துவிட்டுத் திரும்பினால், வாந்தி எடுத்தால், காய்ச்சல் 103-ஐத் தாண்டினால், வயிறு உப்பினால், விடியட்டும் என்று பார்க்காமல் கிளம்புங்கள். டாக்டர் வயிற்றில் ஊசி குத்திக் கொஞ்சம் நீரை எடுத்து அதிலுள்ள சர்க்கரையையும் ரத்தச் சர்க்கரையையும் ஒப்பிடுவார். வயிற்று நீரில் டெசிலிட்டருக்கு 20 மி.கி.க்கு மேல் குறைவாக இருந்தால் உள்ளே கிருமி தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம், மறுபடி திறக்க வேண்டும். அந்தச் சமயத்தில் எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் காற்று தெரிகிறதே என்று யாராவது சொன்னால் அதை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம். வயிற்றைத் திறந்தபோது போன காற்றும் பல நாள் உள்ளேயே இருக்கும்.

ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். டெசிலிட்டருக்கு 2.5 கிராமுக்குக் கீழே இருந்தால் தையல் விடும் ஆபத்து கூடும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கேதான் வீடுகளில் கோளாறு நடக்கிறது. குடலில் தையல் இருக்கிறது, இரண்டு நாள் பட்டினி போடணும் என்று ஒரு பழைய வழக்கம் இருந்தது, இப்போது அப்படி இல்லை. குடலின் உள்தோல் தனக்கு வேண்டிய சத்தில் பெரும்பங்கைக் குடலுக்குள் போகும் சாப்பாட்டிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. பட்டினி போட்டால் அது மெலியும். நன்றாகத் தெளிந்தபின் தண்ணீர், வாந்தி இல்லை என்றால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் கொஞ்சம் சாப்பாடு. தோல், எலும்பு, எண்ணெய், மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, குழைந்த சோறு, வெந்த முட்டையின் வெள்ளைக்கரு. உள்ளங்கை அளவு, நாளைக்கு ஐந்தாறு தடவை. தயிர்சாதம் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். காயம் ஆற புரதம் வேண்டும், தயிர்சாதத்தில் அது போதாது.

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு இருக்கட்டும். பரிதாபப்பட்டுக் கழற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பாட்டிகள்தான், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தோப்புக்காரன்:

டாக்டர், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நாய் பிழைத்ததில் சந்தோஷம். ஒரு சந்தேகம். போன வருஷம் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு நாய் மாம்பழ சீசன் முடிந்து ரொம்ப நாள் கழித்துக் கொட்டையை வாந்தி எடுத்தது. அதுவரை எங்கே இருந்திருக்கும்?

மாட்டு டாக்டர்:

இரைப்பையிலேயே இருந்திருக்கும். அங்கே இடம் இருக்கிறது, கொட்டை உருண்டுகொண்டு கிடக்கும். நாய் என்றைக்காவது ஒரு நாள் வாந்தி எடுக்கும், மறுநாள் நன்றாக இருக்கும், எடை மட்டும் மெல்லக் குறையும். பூச்சி மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள், தீனியை மாற்றிப் பார்ப்பார்கள். அந்த நாய்க்கு மேலே வந்தது அதிர்ஷ்டம், கீழே இறங்கியிருந்தால் செவலை கதைதான். இரைப்பையில் இருக்கும்போதே தெரிந்தால் சில இடங்களில் எண்டோஸ்கோப் விட்டு எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் மாங்கொட்டை சுலபத்தில் பிடிக்குச் சிக்காது. அப்போதும் இரைப்பையைத் திறந்து எடுப்பது குடலைத் திறப்பதைவிட ஆபத்து குறைவு. அங்கே சுவர் தடிமன், ரத்த ஓட்டம் தாராளம்.

கரிசல்காட்டான்:

ஆறாம் நாள் முடிந்துவிட்டது ஐயா. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. நேற்று மலம் கொஞ்சம் கறுப்பாகப் போனது, டாக்டரிடம் கேட்டதற்குப் பழைய ரத்தம், இனி மாறிவிடும் என்றார், இன்று மாறிவிட்டது. கூம்பைக் கழற்றியது பாட்டி இல்லை, அப்பாதான். மறுபடி போட்டாயிற்று.

அப்பா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். ஒரு சாண் குடல் போனதால் நாய் இனி உடம்பு தேறாதா? பழையபடி ஓடுமா?

மாட்டு டாக்டர்:

ஓடும். நாயின் சிறுகுடலில் முக்கால்வாசியை நெருங்கி எடுத்தால்தான் தின்றது ஒட்டாமல் போகும் சிக்கல் வரும். ஒரு சாண் அதற்குப் பக்கத்திலேயே வராது. பத்துப் பதினான்கு நாளில் தோல் தையலைப் பிரிப்பார்கள், அதுவரை சங்கிலியோடு மெதுவான நடைதான். ஓட்டம், தாவல், மற்ற நாய்களோடு உருளல் எதுவும் வேண்டாம். குடல் தையல் அதற்குள் நன்றாகக் கூடிவிடும், வயிற்றுச் சுவருக்குத்தான் இன்னும் சில வாரம் வேண்டும். அப்புறம் மெல்ல மெல்லப் பழைய தீனிக்கு மாற்றுங்கள்.

டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி வையுங்கள்: எந்தப் பகுதிக் குடல், எத்தனை செ.மீ. எடுத்தது, என்ன நூல் போட்டது. நடுக்குடல் என்றால் கவலை இல்லை. பெருங்குடலை ஒட்டிய கடைசிப் பகுதியையும் சேர்த்து எடுத்திருந்தால் மட்டும் சில மாதம் கழித்து ரத்தத்தில் பி12 பார்க்கச் சொல்லுங்கள், அந்தச் சத்தை உறிஞ்சுவது அந்த இடம்தான். பின்னால் எப்போதாவது வயிறு கோளாறானால் வேறு டாக்டர் பார்ப்பார், அந்தத் தாள் அவருக்கு வேண்டும்.